உன் ஊரில் வெயிலா

"கெல் ழூர் ஒன் ஏ, ஓழூர்துயி?" என்று சவரிராயன் மறுபடியும் கேட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததிலிருந்து இது ஆறாவது தடவை. இன்று என்ன கிழமை, இன்று என்ன கிழமை, அதே கேள்வி, அதே இழுப்பு. வாயின் இடது பக்கம் மட்டும் அசைந்தது, வலது பக்கம் வேறு யாருடைய வாயோ போலத் தொங்கிக் கிடந்தது. அமலோற்பவம் முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. வியாழக்கிழமை என்று அவளுக்குத் தெரியும். காலையில் தேதித்தாளைக் கிழித்தபோது தெரியும், அதற்கும் முன்னால், கண் விழிக்காமல் படுத்திருந்தபோதே தெரியும். பதினேழு வருஷமாக வாரத்தில் மற்ற ஆறு நாளும் ஒன்றோடொன்று குழம்பினாலும் வியாழக்கிழமை மட்டும் அவளுக்குக் குழம்பியதில்லை. அந்தத் தேதித்தாளைப் போன மாதமே கூடத்துச் சுவரிலிருந்து கழற்றி அடுப்படிக்குள் மாட்டிவிட்டாள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில். "என்னங்க கேக்குறீங்க? தண்ணி வேணுமா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "ழூர்," என்றார், "ழூர்." நாள், நாள் என்கிறார். அவள் எழுந்து போய்ப் பூண்டு நாற்றம் அடிக்கும் புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். "ஜொரமா? ஜொரமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. குளுகுளுன்னுதான் இருக்கு." அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் திரும்பி வந்து முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், நகக்கண் எரிந்தது, எரியட்டும். இதைவிட நன்றாக அவள் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. சமையலைக்கூட.

ஐந்து மாதத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கையும் காலும் போயிருந்தன, தமிழும் போயிருந்தது. சில பேருக்கு அப்படி ஆகும், முதலில் கற்ற பேச்சு அழிந்து பின்னால் கற்றது மிஞ்சும் என்றார் டாக்டர், மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரியும், பதில்தான் வராது. பிரெஞ்சு ராணுவத்தில் பதினெட்டு வருஷம் சொல்தாவாக இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பி வந்தவருக்கு மிஞ்சியது பிரெஞ்சு, அதிலும் ஒரு கைப்பிடி. நாளும் வெயிலும் மழையும். இல் ஃபே போ, நன்றாக இருக்கிறது. இல் ஃபே ஷோ, வெக்கையாக இருக்கிறது. இல் ப்ளே, மழை பெய்கிறது. பார்க்க வந்தவர்களெல்லாம் அமலோற்பவத்தைப் பார்த்துத்தான் உச்சுக்கொட்டினார்கள். பாவம், மனுஷன் பேசுறது ஒண்ணும் அதுக்கு விளங்காதே, ரெண்டு பேரும் எப்படிக் காலம் தள்ளப் போறாங்களோ. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் காரைக்கால்காரப் பெண் நஸ்ரின் வருகிறாள், நல்ல பெண், சிரித்த முகம். போன வாரம் ஒரு காகிதத்தை அவள் கையில் கொடுத்து, "ஆன்ட்டி, தினம் ஒரு பத்து நிமிஷம் இதைப் பாத்து அங்கிள்கிட்ட கேளுங்க. இன்னைக்கு என்ன நாள், வானம் எப்படி இருக்கு, அவ்வளவுதான். உங்களுக்காகத் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். யாராச்சும் பதில் சொன்னாத்தான் அவருக்குப் பேச்சு வளரும்" என்றாள். அமலோற்பவம் காகிதத்தைத் தலைகீழாக வாங்கிப் பார்த்து, "எனக்கு இதெல்லாம் நாக்குல நுழையாதும்மா" என்றாள். நஸ்ரின் பொறுமையாகக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் மூன்றாவது வரியில் ஒரு தப்பு இருந்தது, குளிருகிறது என்பதற்கு எழுதியதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க அமலோற்பவம் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. யாராவது பதில் சொன்னால்தான் வளரும். அப்படியானால் வளராது. அவள் இருக்கிறவரைக்கும் வளராது.

மணி மூன்று ஆக ஐந்து நிமிஷம். ஐப்பசி பிறந்துவிட்டது, மழை இன்னும் இறங்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே வானம் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக்கொண்டு வருகிறது, காற்று இல்லை, எதிர்வீட்டு மாடிக் கொடியில் துணி ஆடாமல் தொங்குகிறது. சவரிராயன் ஜன்னலைப் பார்த்து "இல் ஃபே போ" என்றார். நன்றாக இருக்கிறதாம். எங்கே நன்றாக இருக்கிறது? அந்த வார்த்தையை முதலில் கேட்ட நாளில் அவள் அதை ஒரு ஆளின் பெயர் என்றுதான் நினைத்தாள். இல். யாரோ இல் என்று ஒருவன், அவன்தான் வெயில் அடிக்கிறான், மழை பெய்கிறான், குளிரைக் கொண்டுவருகிறான். மகள் மர்த்தீனுக்கு அப்போது ஆறு வயது, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து இரண்டு மாதம். கூடத்தை ஒட்டிய இந்த அறையில்தான் பாய் விரித்து அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள், பாடப்புத்தகத்தில் சிரிக்கிற சூரியன், அழுகிற மேகம். "யாருடி அந்த இல்?" என்று கேட்டாள். "யாரும் இல்லம்மா, சும்மா. வெயில் மழைக்கெல்லாம் இல் வரும்" என்றாள் குழந்தை. யாரோ செய்கிறார்கள், செய்கிறவன் பெயர் மட்டும் கிடையாது, என்ன பாஷையடா இது, திருடனுக்கென்றே செய்தது போல, என்று அவள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குச் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான். குழந்தை அடுத்த பக்கத்தைத் திருப்பிச் சத்தமாகப் படித்தது. இல் ஃபே போ ஷே வூ? உங்கள் ஊரில் வெயிலா? இல் ஃபே போ ஷே த்வா? உன் ஊரில் வெயிலா? "ரெண்டு எதுக்குடி?" "டீச்சர் சொன்னாங்கம்மா. பெரியவங்க, தெரியாதவங்க, ஆபீஸ்ல இருக்கறவங்கன்னா வூ. ஃப்ரெண்டு, அம்மா, பூனைக்குட்டி, நமக்குப் புடிச்சவங்கன்னா த்வா." கூடத்தில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை மூன்றரை மணி. போன் வந்த நாள் முதலாக அந்த நேரத்தில் அவர் பிரான்சில் பென்ஷன் ஆபீசோடு பேசுவார், அங்கே அப்போது மத்தியானம், ஆபீஸ்காரர்கள் அந்த நேரத்தில்தான் கிடைப்பார்களாம், வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. சத்தம் போடாமல் இருந்தார்கள். அந்த அமைதியில் அவர் குரல் வந்தது, ஒரு நாளும் அவளிடம் பேசாத, வெண்ணெய் தடவிய குரல். "இல் ஃபே போ ஷே த்வா?" குழந்தை தலையைத் தூக்கிக் கண்ணை அகல விரித்தது. "அம்மா, அப்பாவும் எம் பாடத்தையே சொல்றாரு!" அமலோற்பவம் அசையவில்லை. "ஆபீசுக்கு வூதானடி?" என்று கேட்டாள். "ஆமாம்மா, வூ. த்வா சொன்னா டீச்சர் அடிப்பாங்க." "சரி, படி," என்றாள். "நீ படி. அம்மா கேக்குறேன். எல்லாத்தையும் எனக்கும் சொல்லிக்கிட்டே படி."

அன்றிலிருந்து படித்தாள். மகளுக்குப் பாடம் ஒப்பிக்கக் கேட்கிற சாக்கில் வருஷா வருஷம் மகளோடு ஒவ்வொரு வகுப்பாக ஏறினாள். பழைய அகராதி ஒன்றைக் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள். யாரோடும் ஒரு வார்த்தை பேசிப் பார்த்ததில்லை, குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் தனக்குத் தானே பேசினதோடு சரி. ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும், "அடுத்தவங்க பேசுறத ஒட்டுக் கேக்குறேன் சாமி" என்றாள். அண்டை வீட்டுப் பேச்சு என்று நினைத்துச் சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். அடுத்த வியாழக்கிழமை மறுபடி கூடத்துக்கு அடுத்த அறையில் துணி மடிக்க உட்கார்ந்தாள். போனில் அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் பெயர் ஒதேத். பிரான்சில் துலோன் பக்கம் ஒரு சின்ன ஊர். அவர் பேசுகிற பாதியை வைத்து மற்றப் பாதியை அமலோற்பவம் கட்டிக்கொண்டாள். அங்கே மழையா, அப்படியா, செரிப் பழம் காய்த்ததா, பூனை செத்துப்போய்விட்டதா, அழாதே, இடுப்பு வலி எப்படி இருக்கிறது. சொந்தத் தங்கை வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது, ஒதேத்தின் இடுப்பில் எந்தப் பக்கம் வலி என்று தெரியும். ஒதேத்தின் அம்மா இறந்த அன்று அவர் கூடத்திலிருந்து கண் சிவந்து வந்து தலைவலி என்று படுத்தார், அவள் சுக்குத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஊதி ஆற்றிக் கொடுத்தாள். யாருக்காக அழுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன ஆகும்? மறுப்பார், கத்துவார், போனை மாடிக்குக் கொண்டுபோய்விடுவார், அதன் பிறகு அவளுக்கு ஒன்றும் கேட்காது. கேட்க வேண்டும். ஏன் என்று தெரியாது, புண்ணைச் சொறிகிற கை மாதிரி அந்த மூன்றரை மணிக்குத் தானாகக் காது போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சொல்தா நண்பர்கள் குடிக்க வருவார்கள், அவள் வறுத்த வஞ்சிரத்தைக் கொண்டுபோய் வைக்கும்போது அவர், "எல் ந கொம்ப்ரான் ரியான்" என்பார், இவளுக்கு ஒன்றும் விளங்காது, தாராளமாகப் பேசுங்கள். அவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், இன்னொரு துண்டு வைக்கட்டுமா என்பாள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு வியாழக்கிழமை, அவள் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கையில் அவருடைய சட்டை, காலரில் இஸ்திரிப்பெட்டி, அப்போது ஒதேத் எதையோ கேட்டிருக்க வேண்டும், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று. அவர் சொன்னார்: எல் ஏ லா, மே ஸே கொம் சி எல் நேத்தே பா லா. அவள் இருக்கிறாள், ஆனால் இல்லாத மாதிரிதான். சட்டைக் காலர் தீய்ந்துவிட்டது. அதற்கு அன்று திட்டு வாங்கினாள். தமிழில்.

இருக்கிறாள், ஆனால் இல்லாத மாதிரி. இப்போது யார் இல்லாத மாதிரி இருக்கிறார்கள்? மணி மூன்று பத்து. பூண்டுத் தோல் முழங்கால் வரை பறந்து ஒட்டியிருக்கிறது. போன மாதம் முதல் வியாழக்கிழமை மூன்றரைக்கு அந்தப் போன் தானாக அடித்தது. இத்தனை வருஷத்தில் அங்கேயிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை, இவர்தான் கூப்பிடுவார், கூப்பிடாதே என்று ஒதேத்திடம் சொல்லி வைத்திருந்தார், அதையும் அவள் கேட்டிருக்கிறாள். நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணுக்குப் பொறுக்க முடியாமல் போயிருக்கிறது. பதினான்கு தடவை அடித்து நின்றது. அமலோற்பவம் எழுந்திருக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்தவர் உடம்பை முறுக்கினார், இடது கையால் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினார், ஒரே பக்கம் தள்ளினால் நாற்காலி நின்ற இடத்திலேயே சுற்றுமே தவிரப் போகுமா? சுற்றினார். சுற்றிச் சுற்றிச் சுவரைப் பார்த்து நின்றார். "யாரோ ராங் நம்பருங்க," என்றாள். அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். நாலு வியாழக்கிழமை. இன்றைக்கு என்ன கிழமை என்று இந்த மனுஷன் மத்தியானத்திலிருந்து எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? மணி அடிக்கும்போது தயாராக இருக்கக் கேட்கிறார். எந்த நாளில் காதைத் தீட்டிக்கொள்வது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார். சொல்ல மாட்டாள். எல்லா நாளும் தீட்டிக்கொண்டு கிடக்கட்டும். ஆனால் திங்கட்கிழமை டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இரத்த அழுத்தம் அடங்க மாட்டேன் என்கிறது, இன்னொரு தடவை வந்தால் தாங்காது, மகளுக்குச் சொல்லி வையுங்கள் என்றார். அவள் பிரான்சில் லீல் என்கிற ஊரில் இருக்கிற மர்த்தீனுக்குச் சொன்னாள், மர்த்தீன் போனில் அழுதாள், அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. சாவைப் பற்றிய பயம் இல்லை. இவர் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டால்? இவளுக்கு ஒன்றும் விளங்காது என்ற நினைப்போடு, அந்த நிம்மதியோடு, பூ வைத்த பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டால்? பதினேழு வருஷம் அவள் சேர்த்ததெல்லாம் யாரிடம் கொடுப்பாள்? அவர் சாகக் கிடக்கும்போது காதில் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தாள், வருஷக்கணக்காக அதைத் திருத்தித் திருத்தி மூன்று வார்த்தைக்குக் கொண்டுவந்திருந்தாள், எனக்கு எல்லாம் தெரியும் என்று. ஆம்புலன்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அது நாக்கு நுனியில் நின்றது. அவர் கண் மூடியிருந்தது. கண் மூடிக் கிடக்கிறவனிடம் சொல்லி என்ன பிரயோஜனம், முகம் மாறுவதைப் பார்க்க வேண்டாமா, விழுங்கிவிட்டாள். விழுங்கியது இன்னும் இறங்கவில்லை. மூன்று இருபத்தைந்து. இன்றைக்கு அடிக்காவிட்டால்? நாலு வாரம் பார்த்துவிட்டு ஒதேத் அலுத்துப் போயிருந்தால்? அடி, என்று அவள் கூடத்தைப் பார்த்து நினைத்தாள். அடித்துத் தொலை.

மூன்று முப்பத்திரண்டுக்கு அடித்தது. சவரிராயன் கழுத்தைத் திருப்பினார், வேண்டிய வார்த்தை கிடைக்காமல் கைக்கு வந்த வார்த்தையை எறிந்தார். "இல் ப்ளே!" என்று கத்தினார். "இல் ப்ளே! இல் ப்ளே!" மழை பெய்கிறதாம். வெளியே ஒரு துளி இல்லை. ஐந்தாவது மணிக்கு அமலோற்பவம் முறத்தை இறக்கி வைத்தாள், புடவையில் கையைத் துடைத்தாள், எழுந்து கூடத்துக்குப் போனாள்.  எடுத்தாள். ஒரு இரைச்சல், கடல் மாதிரி, அதற்குப் பின்னால் ஒரு குரல். "அலோ? எத்தியேன்? ஸே த்வா?" எத்தியேன், நீயா. ராணுவத்தில் அவருக்கு அந்தப் பெயர். பதினேழு வருஷமாக அவள் மனதில் கட்டி வைத்திருந்த குரல் இது இல்லை. அது ஒரு பாட்டுக்காரி குரல், மணி மாதிரி. இது காய்ந்து, மூச்சு வாங்கி, பல்செட்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் டக்கென்று தட்டுகிற ஒரு கிழவியின் குரல். இதற்குத்தானா, இந்தப் பல்செட்டுக்குத்தானா. "நோன். போன்ழூர், மதாம்," என்றாள் அமலோற்பவம். குளியலறைக் குழாய்ச் சத்தம் இல்லாமல் அவள் வாயிலிருந்து இன்னொரு மனுஷக் காதுக்குப் போன முதல் பிரெஞ்சு. பின்னால் அறையில் நாற்காலி கிரீச்சிட்டது, பிறகு சட்டென்று நின்றது. அவள் திரும்பவில்லை, முதுகுத்தண்டில் அவருடைய பார்வை வந்து குத்துவது தெரிந்தது, நன்றாகத் தெரிந்தது, இன்னும் குத்தட்டும் என்று முதுகை நிமிர்த்தினாள். போனில் அந்தக் குரல் மலர்ந்தது. "ஆ! வூ ஸெத் ஸா ஸேர்!" நீங்கள் அவருடைய தங்கைதானே! எத்தியேன் உங்களைப் பற்றிச் சொல்லாத வாரம் இல்லை, தாலி போனதிலிருந்து நீங்கள்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறீர்களாம், அருமையாகச் சமைப்பீர்களாம், ஆனால் பிரெஞ்சு தெரியாது என்றாரே. மா ஸேர். என் தங்கை. அந்த வார்த்தையை எத்தனை வியாழக்கிழமை கேட்டிருக்கிறாள். காரைக்காலில் இருக்கிற நாத்தி அன்னம்மாளைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தாள். மா ஸேர் மீனைத் தீய விட்டுவிட்டாள். மா ஸேர் கோயிலுக்குப் போயிருக்கிறாள். மா ஸேர் பாவம். பதினேழு வருஷமாக ஒட்டுக் கேட்டு, இலக்கணம் படித்து, அகராதியைப் புடவைக்கு அடியில் ஒளித்து, எல்லாம் தெரியும் என்று கர்வப்பட்டவளுக்கு அந்த ஒரு சின்ன வார்த்தை விளங்கவில்லை. அவளைத் தாலி அறுத்த தங்கையாக்கி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஒதேத், கேட்க வந்ததைக் கேட்கப் பயந்துகொண்டு, நேரம் கடத்துகிறவள் போல, தெரியாதவர்களிடம் பேசும் மரியாதையோடு மெதுவாகக் கேட்டாள்: "இல் ஃபே போ, ஷே வூ?"

உங்கள் ஊரில் வெயிலா. அமலோற்பவம் கூடத்து ஜன்னலைப் பார்த்தாள். முதல் பெரிய துளிகள் ஜன்னல் கட்டையில் விழுந்து புழுதி வாசனை மேலே வந்தது. "இல் ஏ மோர், மதாம்," என்றாள். அவர் இறந்துவிட்டார். வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது, அந்த இல், யாரும் இல்லாத அந்த இல், மழை பெய்கிறவன், வெயில் அடிக்கிறவன், அவன் செத்துவிட்டான்.  போனில் கடல் இரைச்சல் மட்டும். அப்புறம், "கான்?" என்றது குரல். எப்போது. "ஓழூர்துயி," என்றாள். இன்றைக்கு. அங்கே எதையோ பிடித்துக்கொண்டு உட்கார்கிற சத்தம், நாற்காலிக் கால் தரையில் தேய்கிற சத்தம், அப்புறம் அழுகை, வயதானவர்கள் அழுகிற மாதிரி, குரல் இல்லாமல் மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. அமலோற்பவம் காதை எடுக்காமல் அதை முழுதும் கேட்டாள். இனிப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இனிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அடியில் ஏதோ கடித்தது. கடைசியில் அந்தப் பெண், "என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். "நோன்," என்றாள் அமலோற்பவம். போனை வைத்தாள்.

திரும்பினாள். இத்தனை காலம் காத்திருந்த முகம் அங்கே இருந்தது. எந்தப் பக்கமும் அசையாமல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிப்போய், கண் மட்டும் பெரிதாக. அவள் அறைக்குள் வந்து அவருக்கு எதிரே நின்றாள். வாய் திறந்தது, மூடியது, எதையோ தேடியது. நாளும் இல்லை, மழையும் இல்லை, நஸ்ரின் எழுதிக் கொடுத்த காகிதத்தில் எங்கேயும் இல்லாத இரண்டு வார்த்தை வந்தது. "தெபுய் கான்?" எப்போதிலிருந்து. ஐந்து மாதத்தில் முதல் புது வார்த்தை, நஸ்ரின் இருந்திருந்தால் கை தட்டியிருப்பாள். எப்போதிலிருந்து உனக்குப் புரியும். சொல்ல வேண்டும் போல வாய் துறுதுறுத்தது, மர்த்தீனின் முதல் பாடத்திலிருந்து, சிரிக்கிற சூரியனிலிருந்து. சொன்னால் ஒரு தேதி கிடைத்துவிடும் அவருக்கு. அதற்கு முன்னால் பேசினதெல்லாம் பத்திரம் என்று அந்த மட்டுக்கு நிம்மதியாகிவிடுவார். "கோந்த்," என்றாள். எண்ணிப் பார். முப்பத்து மூன்று வருஷக் கல்யாணத்தில் தமிழில் ஒரு தடவைகூட நீ என்று சொன்னதில்லை அவரை, பிரெஞ்சில் அது காறித் துப்பின மாதிரி வந்தது. அவர் எண்ணத் தொடங்கினார். அது முகத்தில் தெரிந்தது. கண்மணி மெதுவாக நகர்ந்தது, போன வருஷத்துக்கு, அதற்கு முந்தின வருஷத்துக்கு, செரிப் பழத்துக்கு, பூனைக்கு, கஷாயத்துக்கு, ஒவ்வொரு வியாழக்கிழமையாகப் பின்னால் நடந்து போய், ஒவ்வொன்றிலும் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மழை இறங்கிவிட்டது, எதிர்வீட்டுத் துணியை எடுக்க யாரோ மாடியில் ஓடினார்கள். பார்த்து முடியவில்லை, வயிறு நிறையவில்லை, அதற்குள் போன் மறுபடியும் அடித்தது.

அவள்தான். வேறு யாராக இருக்கும்? எந்தக் கல்லறை என்று கேட்பாள், பூவுக்குச் சொல்ல வேண்டும் என்பாள். அல்லது நம்பவில்லை. அமலோற்பவம் கூடத்துக்குப் போய், அடித்துக்கொண்டிருக்கிற போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள், சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு பேசுவதற்காக அவர்தான் அதற்கு நீள ஒயர் போட்டு வைத்திருந்தார், ஒயர் தரையெல்லாம் நெளிந்து வந்தது. எதற்காக அப்படிச் செய்தாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கிழவி இந்தக் குழறலைக் கேட்கட்டும், எத்தியேன் என்ற பெயரில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். உயிரோடு இருக்கிறவனைச் செத்தான் என்று சொன்ன நாக்கு கசந்ததும் உண்டு. அழுகைக்கு அடியில் கடித்தது இன்னும் விடவில்லை என்பதும் உண்டு. எடுத்து அவர் இடது காதில் வைத்து அழுத்தினாள். "அலோ?" என்றது உள்ளேயிருந்து, எறும்புக் குரல். "மதாம்? அலோ? பார்தோன், மதாம்..." "பேசுங்க," என்றாள் அமலோற்பவம். உங்களுக்குத்தான் இன்னும் நாலு வார்த்தை இருக்கிறதே. எதையாவது சொல்லுங்கள். வெக்கை என்று சொல்லுங்கள். மழை என்று சொல்லுங்கள், நிஜமாகவே பெய்கிறது. ஒரு சத்தம் போட்டால் போதும், அவளுக்குத் தெரிந்துவிடும், நான் பொய்க்காரி ஆகிவிடுவேன், நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். "பேசுங்கன்னா!" அவர் அவளையே பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடி மீசையில் இறங்கியது. உதடுகளை மூடினார், இடது பக்கம் மூடியது, வலது பக்கம் மூடவில்லை, அந்த இடைவெளியில் மூச்சு புஸ்ஸென்று வந்தது, தொண்டையிலிருந்து ஏதோ கிளம்பியது. அப்போது இடது கையைத் தூக்கினார். போனைப் பிடுங்கத்தான் தூக்குகிறார் என்று அவள் விட்டுக்கொடுக்கத் தயாரானாள். அந்தக் கை போனைத் தாண்டிப் போய், மூடாத உதட்டை விரல்களால் அழுத்தி, வாயை இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டது. யாருக்காக? அந்தக் கிழவி இந்தக் குழறலைக் கேட்கக் கூடாது என்றா, இவள் சொன்ன பொய் பொய்யாகக் கூடாது என்றா? "எத்தியேன்?" என்றது எறும்புக் குரல் ஒரு தடவை, மிகவும் மெதுவாக. பிறகு லைன் போய்விட்டது. "வச்சிட்டாங்க," என்றாள் அமலோற்பவம். "கைய எடுங்க. வச்சிட்டாங்க." அவர் எடுக்கவில்லை. அவள் அந்த விரல்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், ஒரு பக்கம் செத்த உடம்பில் எங்கேயிருந்து வந்ததோ அவ்வளவு பலம், ஒரு விரலைக்கூட அவளால் பிரிக்க முடியவில்லை.